எழுதுகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார்? சார்பு விசாவும் தொலைதூர எழுத்து வேலையும்

1. கேள்வி

சென்னையில் இயங்கும் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு நியூஜெர்சியில் இருக்கும் ஒரு பெண் கட்டுரைகள் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு எச்-1பி என்ற வேலை விசா. அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் வந்தவர் இவர். எழுதச் சொன்னவர் சென்னையில் இருக்கிறார். எழுதியது வெளியாவது இந்திய இணையதளத்தில். பணம் ரூபாயாக இந்திய வங்கிக் கணக்கில் சேர்கிறது. தட்டச்சு செய்யும் விரல்கள் மட்டும் அமெரிக்காவில். இந்த வேலை எந்த நாட்டில் நடக்கிறது?

வக்கீல்கள் பொழுதுபோக்காகப் பேசும் புதிர்போல இது தோன்றலாம். ஆனால் அயல்நாட்டில் இருந்தபடி எழுதிச் சம்பாதிக்க முயல்கிற பலருடைய வருமானமும், சிலருடைய விசாவும் இதற்கான விடையை நம்பித்தான் இருக்கின்றன. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் எழுதலாம் என்ற பேச்சு இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தொலைதூர எழுத்திலும் இடம் அப்படியே இருக்கிறது, எழுதுகிறவர் எதை விற்கிறார் என்பதைப் பொறுத்து அது எங்கே விழும் என்பது மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பதிப்புரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தும் அனுமதியை விற்பவரைச் சட்டம் அவருடைய வாசகர்கள் இருக்கும் நாட்டில் வைத்துப் பார்க்கிறது. உழைப்பை விற்பவரை அவருடைய நாற்காலி கிடக்கும் நாட்டில் வைத்துப் பார்க்கிறது.

2. இதுவரை பேசப்பட்டவை

இப்பொருளைத் தொடும் எழுத்துகள் இரண்டு வகை. ஒன்று, டிஜிட்டல் நாடோடிகளைப் பற்றியது. ஜப்பானியப் பொறியாளர் சுகியோ மாகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997இல் 'டிஜிட்டல் நோமட்' என்ற நூலை எழுதினார்கள். கருவிகள் சிறுத்துக் கையடக்கமாகிவிட்டால் மனிதர்கள் ஒரே ஊரில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை என்பது அவர்களுடைய கணிப்பு. 2020இல் கொரோனா வந்தபின் அரசுகளே இதற்கெனத் தனி விசாக்களைத் திறந்தன. எஸ்தோனியா 2020 ஆகஸ்டில் தொடங்கியது. மாத வருமானம் குறைந்தது 3,504 யூரோ இருக்க வேண்டும் என்றது. மலேசியா 2022இல் தொடங்கிய திட்டத்தில் ஆண்டு வருமானம் 24,000 டாலர் கேட்டது. தாய்லாந்து 2024இல் கொண்டுவந்த விசாவுக்கு வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும்.

இந்தத் தொகைகளை எழுத்துக் கூலியில் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்ற விலையில் எழுதுகிறவர் எஸ்தோனியா கேட்ட தொகையை எட்ட வேண்டுமானால் மாதம் 3 லட்சம் வார்த்தைகளாவது எழுதியாக வேண்டும். நாளொன்றுக்குப் பத்தாயிரம், ஞாயிறும் தீபாவளியும் சேர்த்து. நாடோடி என்ற அழகான சொல்லுக்கு உள்ளே இருப்பது மென்பொருள்காரரின் சம்பளம்.

இரண்டாவது வகை, சார்பு விசாவைப் பற்றியது. மேக்னா தமானியின் 'ஹார்ட்ஸ் சஸ்பெண்டட்' என்ற ஆவணப்படம் 2007இல் வந்தது. ஏமி பட்டின் 'ஹைடெக் ஹவுஸ்வைவ்ஸ்' (2018), பல்லவி பானர்ஜியின் 'தி ஆப்பர்ச்சூனிட்டி டிராப்' (2022) ஆகிய நூல்கள், படித்து வேலை பார்த்த பெண்கள் விசாவின் பெயரால் எப்படி வீட்டுக்குள் முடக்கப்படுகிறார்கள் என்பதைக் களஆய்வின் வழியே காட்டின. கணவர்கள் தொழில்நுட்பப் பணியில் இருக்கும் குடும்பங்களோடு, மனைவி செவிலியராக இருக்க, கணவர் சார்பு விசாவில் வந்த குடும்பங்களையும் பானர்ஜி ஒப்பிட்டது முக்கியமானது. முடக்குவதில் பாலினத்துக்கு எவ்வளவு பங்கு, விசாவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க அது வழிசெய்தது.

இந்த இரண்டு வகை எழுத்துகளும் ஒன்றையொன்று அதிகம் கண்டுகொள்வதில்லை. முதலாவது பாஸ்போர்ட்டை மறந்துவிடுகிறது. இரண்டாவது, வேலை என்றால் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போவது என்ற எண்ணத்திலிருந்து புறப்படுகிறது. சமையலறை மேசையில் உட்கார்ந்து வேறொரு நாட்டுக்காக எழுதுகிற வேலை இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

3. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு

அயல்நாட்டில் இருந்தபடி இன்னொரு நாட்டுக்கு எழுதிப் பிழைப்பது இணையம் பெற்ற பிள்ளை அல்ல. இதில் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒருவர் கார்ல் மார்க்ஸ். 1849இல் லண்டனுக்கு அகதியாக வந்தவர், 1850களின் தொடக்கத்திலிருந்து 1862 வரை 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகையின் ஐரோப்பிய நிருபர். அவரைப் பற்றிய எழுத்துகளில் இந்தப் பத்து ஆண்டுகள் 'மூலதன'த்துக்கு இடையூறான கூலிவேலையாகவே பெரும்பாலும் குறிப்பிடப்படுகின்றன. கூலிவேலையாகவே அதைப் பார்ப்போம்.

அழைத்தவர் ட்ரிப்யூனின் நிர்வாக ஆசிரியர் சார்லஸ் டேனா. இருவரும் 1848இல் கொலோனில் சந்தித்திருந்தார்கள். எழுத ஒப்புக்கொண்டபோது மார்க்ஸுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. ஜெர்மன் புரட்சியைப் பற்றிய முதல் தொடரை முழுக்க எழுதியவர் மான்செஸ்டரில் ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்த எங்கெல்ஸ். வெளியானது மார்க்ஸின் பெயரில். அது 1896இல் புத்தகமானபோதும் ஆசிரியர் பெயர் மார்க்ஸ்தான். இருவரின் கடிதங்கள் 1913இல் அச்சான பிறகே உண்மை பரவலாகத் தெரிந்தது. வேலையை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துச் செய்து வாங்குவதை இன்றைய ஃப்ரீலான்ஸ் தளங்களின் விதிமுறைகள் கண்டிக்கின்றன. அதற்கு முன்னோடிகள் யார் என்பதையும் அவை அறிந்திருக்கலாம்.

கடலடித் தந்தி நிலையாக இயங்கத் தொடங்கியது 1866இல். ஆகவே கட்டுரை நீராவிக் கப்பலில் போக வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் தபால் நாட்கள். தொடக்கத்தில் கட்டுரைக்கு ஒரு பவுண்டு, பிறகு இரண்டு. அச்சாகாத கட்டுரைக்குக் காசு கிடையாது என்ற நிலையும் இருந்தது. நன்றாக இருந்தவற்றைப் பத்திரிகை பெயரில்லாத் தலையங்கமாகப் போட்டுக்கொண்டது. 1857இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது அயல்நாட்டு நிருபர்களைப் பெருமளவில் குறைத்த டேனா, அச்சானாலும் ஆகாவிட்டாலும் வாரம் ஒரு கட்டுரைக்குக் காசு உண்டு என்று மார்க்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 'நியூ அமெரிக்கன் சைக்ளோபீடியா'வுக்கு எழுதும் வேலையையும் பிடித்துக் கொடுத்தார். உள்நாட்டுப் போர் மூண்டு அமெரிக்க வாசகர்களின் கவனம் ஐரோப்பாவைவிட்டு விலகியதும், 1862இல் தொடர்பு முடிந்தது. பத்து ஆண்டுகளில் வெளியானவை ஏறத்தாழ 500 கட்டுரைகள். அவற்றில் நான்கில் ஒரு பங்கு எங்கெல்ஸுடையது.

பெயர் மறைப்பு, அச்சானால்தான் கூலி, கிளையன்ட் நாட்டில் நெருக்கடி வந்தால் முதல் வெட்டு வெளியூர் எழுத்தாளருக்கு: இன்றைய ஃப்ரீலான்ஸரின் புகார்ப் பட்டியலில் பாதி இங்கேயே இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. லண்டனில் உட்கார்ந்து நியூயார்க்குக்கு எழுத உனக்கு அனுமதி இருக்கிறதா என்று யாரும் மார்க்ஸைக் கேட்கவில்லை. 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் வரும்வரை பிரிட்டனுக்குள் வந்து தங்க நடைமுறையில் தடை இருக்கவில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை கேட்டு அவர் 1874இல் விண்ணப்பித்தபோது மறுத்தார்கள். எழுதிப் பிழைப்பதற்கு அந்த மறுப்பு குறுக்கே வரவில்லை.

அவர் காலத்துக்குப் பின் அரசுகள் முதலில் எழுத்தைத்தான் எல்லையில் நிறுத்தின. 1908இல் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போன பாரதி அங்கிருந்து நடத்திய 'இந்தியா' இதழ், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைவது தடுக்கப்பட்டதால் 1910இல் நின்றுபோனது. புதுச்சேரியில் எழுதத் தடையில்லை, சென்னையில் படிக்கத்தான் தடை. இன்றைய சார்பு விசா இதைத் தலைகீழாக்குகிறது. எழுத்து நொடியில் எல்லை கடக்கிறது. கேள்வி கேட்கப்படுவது எழுதும் உடலிடம்.

4. வுட்ஹவுஸ் வழக்கு

எழுத்து வருமானம் எந்த நாட்டுக்கு உரியது என்பதை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1949இல் ஒருமுறை நேராகவே எடுத்துக்கொண்டது. எதிர்மனுதாரர் பி. ஜி. வுட்ஹவுஸ், ஆங்கிலேயர், பிரான்சின் லே துக்கே கடற்கரை ஊரில் வசித்தவர். அவருடைய நாவல்களை 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் தொடராக வெளியிடும் வட அமெரிக்க உரிமைக்காகக் கர்ட்டிஸ் பதிப்பகம் 1938இலும் 1941இலும் ஒரு நாவலுக்கு 40,000 டாலர் வீதம் மொத்தமாகக் கொடுத்தது. இது ஒரு சொத்தின் விற்பனை, அமெரிக்காவில் வசிக்காத அயல்நாட்டவருக்கு இதன்மேல் வரி கிடையாது என்பது வுட்ஹவுஸ் தரப்பு. நீதிமன்றம் ஏற்கவில்லை. தவணையாக வந்தாலும் மொத்தமாக வந்தாலும் இது அமெரிக்காவில் பதிப்புரிமையைப் பயன்படுத்துவதற்கான ராயல்டி, வரி உண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் உள்ளிட்டோர் மாறுபட்டார்கள்.

அந்த வழக்கில் அடங்கிய நாவல்களில் ஒன்று 'மணி இன் தி பேங்க்'. ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்தபோது வுட்ஹவுஸைக் கைதுசெய்து மேல் சிலேசியாவின் டோஸ்ட் என்ற ஊரின் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே எழுதிய நாவல் அது. எழுதிய கை ஹிட்லரின் முகாமில், வருமானமோ அமெரிக்க வருமானம். உடல் எங்கே கிடந்தது என்பது இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே அல்ல.

சேவைக்கான கூலிக்கு அதே வரிச் சட்டத்தில் விதி வேறு. சேவை எங்கே செய்யப்பட்டதோ அங்கேதான் வருமானம் பிறக்கிறது. கொடுப்பவர் எந்த நாட்டவர், எந்த வங்கியில் விழுகிறது என்பதெல்லாம் பார்க்கப்படாது. அமெரிக்காவில் 90 நாளுக்கு மேல் தங்காத, வெளிநாட்டு முதலாளிக்காக வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு ஒரு சிறு விலக்கு உண்டு. அதன் வரம்பு 3,000 டாலர், பல பத்தாண்டுகளாக ஏறாத தொகை.

ஆகவே எழுத்தாளர் தன்னிடம் உரிமையை வைத்துக்கொண்டு அனுமதி தருகிறாரா, அல்லது எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குகிறாரா என்பது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல; அவர் எந்த நாட்டில் இருப்பதாகக் கருதப்படுகிறார் என்பதையே அது மாற்றிவிடுகிறது. வலைத்தளங்களுக்கான கட்டுரை, பொருள் விவரணை, நிறுவன அதிகாரியின் பெயரில் எழுதித் தரும் பத்தி என்று ஃப்ரீலான்ஸ் எழுத்தின் பெரும்பகுதி இரண்டாம் வகை. ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் நிரந்தரமாகக் கிளையன்டுக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் நம் சிற்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித்தர எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். தொலைபேசியில் ஒரு கட்டுரை கேட்டு, எப்போதாவது ஒரு சன்மானம் அனுப்பி, பல சமயம் அதையும் அனுப்பாமல் காலம் தள்ளும் நம் இதழ்கள், காகிதம் போடாத சோம்பலால் எழுத்தாளரின் உரிமையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன. கறாராகக் காசு கொடுக்கும் நிறுவனங்கள் அதைக் கறாராக எழுதி வாங்கிக்கொள்கின்றன.

5. நாற்காலி கிடக்கும் நாடு

எச்-4 விசாவுக்கு வருவோம். எச்-1பி பணியாளரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படும் இதில் வேலை செய்ய அனுமதி இல்லை. துணைவரின் நிரந்தர வசிப்புரிமைக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி அவருடைய எச்-1பி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. விதி வந்த முதல் சில ஆண்டுகளில் அட்டை பெற்றவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். அதேபோல் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பிறந்தவர்கள். எந்த ஒரு நாட்டினருக்கும் ஆண்டுதோறும் 7 சதவீதத்துக்கு மேல் பச்சை அட்டை இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகளுக்கு நீண்டிருப்பதே இதற்குக் காரணம். மனு ஏற்கப்படும் கட்டத்துக்கே வராத குடும்பங்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அப்படி அட்டையில்லாத ஒருவர் இந்திய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து எழுதலாமா? குடிவரவு விதிகளின் வாசகத்தில் ஒரு சந்து இருக்கிறது. வேலைவாய்ப்பு என்பதற்கான வரையறை, ஊழியர் ஒருவர் முதலாளிக்காக அமெரிக்காவுக்குள் செய்யும் பணி என்று பேசுகிறது. சுயேச்சை ஒப்பந்தக்காரர் தனியே வரையறுக்கப்படுகிறார். ஃப்ரீலான்ஸர் ஊழியரே அல்ல, எனவே தடை பொருந்தாது என்று வாதிட இடமுண்டு. ஆனால் 'அமெரிக்காவுக்குள்' என்ற நிபந்தனை உடலைத்தான் குறிக்கிறது, கிளையன்ட் எங்கிருந்தாலும் பரவாயில்லை என்பது எதிர்வாதம். கட்சிக்காரரைக் காப்பாற்ற நினைக்கும் வழக்கறிஞர் இரண்டாவதையே சொல்வார். பின்னாளில் பச்சை அட்டைக்கான ஐ-485 படிவம், அனுமதியின்றி எப்போதாவது அமெரிக்காவில் வேலை செய்ததுண்டா என்று நேராகக் கேட்கிறது. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு எழுதிய பழைய கட்டுரைகள் அந்தக் கட்டத்தின் முன் வந்து நிற்கும்.

இந்தப் பிரச்சினை ஒரு படிவத்தில் எப்படி முகம் காட்டுகிறது என்று பார்க்கலாம். ஃப்ரீலான்ஸ் தளங்கள் பணம் தருமுன் வரிப் படிவம் கேட்கும். அமெரிக்க வரிவிதிப்புக்கு உள்நாட்டவராகக் கருதப்படுவோருக்கு டபிள்யூ-9. வெளிநாட்டவருக்கு டபிள்யூ-8பென். எச்-4இல் வந்து ஓர் ஆண்டு முழுதும் தங்கியவர், நாட்களை எண்ணும் விதிப்படி, வரிக்கு உள்நாட்டவர் ஆகிவிட்டார். ஆகவே அவர் நிரப்ப வேண்டியது டபிள்யூ-9. அதற்கு ஓர் எண் வேண்டும். வேலை அனுமதி இல்லாததால் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை. கணவரோடு சேர்ந்து வரி தாக்கல் செய்வதற்காக வாங்கிய ஐடின் எண் இருக்கும், அதை எழுதலாம். ஆனால் அந்த எண் வேலை செய்வதற்கான அனுமதி ஆகாது. வெளிநாட்டவர் படிவத்தை நிரப்பிச் சென்னை முகவரியைப் போட்டால் கையெழுத்திட்ட கணமே அது பொய்ச்சான்று.

வரித்துறைக்கு அனுமதியைப் பற்றிக் கவலையில்லை. அனுமதியில்லாமல் ஈட்டிய வருமானத்துக்கும் வரி உண்டு. சுயதொழில் என்பதால் 15.3 சதவீத சமூகப் பாதுகாப்பு, மருத்துவ வரியும் சேரும். ஒரு துறை 'வேலை செய்தாய், வரி கட்டு' என்கிறது. இன்னொன்று 'வேலை செய்தாயா, ஏன்?' என்கிறது. இந்தியாவிலும் நிம்மதி இல்லை. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுவாழ் இந்தியர் சாதாரண சேமிப்புக் கணக்கை வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். கல்லூரிக் காலத்துப் பழைய கணக்கிலேயே சன்மானத்தை வாங்கிக்கொள்வது நடைமுறையில் சகஜம், சட்டத்தில் தவறு.

6. ஓய்வுநேரம் என்ற விலை

இத்தனை சிக்கலுக்கும் நடுவில் கிடைக்கும் கூலி ஏன் இவ்வளவு குறைவு? எல்லாவற்றுக்கும் உலகப் போட்டியைக் காரணம் காட்டுவது வழக்கம். 1999இல் தொடங்கிய ஈலான்ஸ், பிறகு ஓடெஸ்க், இரண்டும் இணைந்து 2015இல் பெயர் மாறிய அப்வொர்க் ஆகிய தளங்கள் வெவ்வேறு நாட்டு எழுத்தாளர்களை ஒரே சந்தையில் நிறுத்தின என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தையும் இடமற்றது அல்ல. ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் நாட்டின் பெயர் தெரியும். அதைப் பார்த்தே விலை பேசப்படுகிறது.

எனக்கு இன்னும் பொருத்தமாகப் படும் விளக்கம் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நர்சாபூர்' நூலில் இருக்கிறது. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதியில் பெண்கள் வீட்டிலிருந்தபடி பின்னிய லேஸ் உலகச் சந்தைக்குப் போனது. அவர்களோ தொழிலாளிகளாகக் கருதப்படவில்லை. ஓய்வுநேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்கும் குடும்பப் பெண்கள் என்றே எண்ணப்பட்டார்கள். கூலி குறைந்ததற்கு அந்தப் படிமமே அடிப்படை என்பது மீஸின் முடிவு. சார்பு விசாவில் இருப்பவரிடம் 'வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், எழுதலாமே' என்று சொல்லப்படும் யோசனையில் அதே படிமம்தான் இருக்கிறது. வித்தியாசம் ஒன்று உண்டு. நர்சாபூரில் அந்தப் படிமத்தைச் சமூக வழக்கம் காத்தது. இங்கே விசா முத்திரையே அதைச் சட்டமாக்கித் தருகிறது. உழைப்பாளி என்று அறிவித்துக்கொள்ள முடியாதவர் கூலிக்காகச் சண்டை போடவும் முடியாது. கொடுக்காமல் ஏமாற்றிய கிளையன்டின்மேல் எங்கே போய்ப் புகார் செய்வது?

இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், அனுமதியோடு எழுதுவோரின் சந்தையும் சுருங்கியது. அப்வொர்க் தரவுகளை ஆராய்ந்த சியாங் ஹூய், ஓரன் ரெஷெஃப், லுவோஃபெங் ஷோ ஆகியோர், பாதிப்புக்கு உள்ளான எழுத்துத் துறை ஃப்ரீலான்ஸர்களின் மாத வேலைகள் 2 சதவீதமும், வருமானம் 5.2 சதவீதமும் குறைந்ததாக 2023இல் கண்டறிந்தார்கள். அனுபவமும் நற்பெயரும் பாதுகாப்பு தரவில்லை என்பதே அதில் கவனிக்கத்தக்கது. அது கருவி வந்த சில மாதங்களின் தரவு. இருந்தும், பெயரின்றி, உரிமையின்றி விற்கப்படும் எழுத்துதான் முதலில் அடிவாங்கும் என்று ஊகிக்க அது இடம் தருகிறது. நான்காம் பகுதியில் பிரித்த இரண்டு வகைகளில் இயந்திரத்துக்கு எளிதில் கைமாறுவது கூலி வகைதான்.

7. விதியை மாற்றினால்

மற்ற நாடுகள் மெல்ல நகர்ந்திருக்கின்றன. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இல்லாதவரை, பார்வையாளர்கள் வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்யலாம் என்றது. நியூஸிலாந்து 2025 ஜனவரி 27 முதல் பார்வையாளர் விசாவில் அதே அனுமதியைத் தந்தது. 90 நாளுக்கு மேல் போனால் வரி பற்றி யோசிக்கச் சொன்னது. உள்நாட்டுக் கிளையன்டுக்கு வேலை செய்யக் கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. யாருடைய சந்தையில் போட்டி போடுகிறார் என்பதை இவை பார்க்கின்றன. ஆக்லாந்துக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர் சென்னைக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பலாம். நியூஜெர்சியில் ஐந்து ஆண்டு வாடகை கட்டி வாழ்ந்தவர் அதைச் செய்தால் சந்தேகத்துக்கு உரியவர்.

அமெரிக்காவில் 2015 விதியை எதிர்த்து 'சேவ் ஜாப்ஸ் யூஎஸ்ஏ' என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கின் மையம் அமெரிக்கத் தொழிலாளியின் வேலை பறிபோகிறது என்பது. மாவட்ட நீதிமன்றம் 2023இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இலும் விதிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தன. அந்த வாதத்தை அதன் சொந்த அளவுகோலிலேயே எடுத்துக்கொண்டாலும், சென்னை வாசகருக்காகத் தமிழில் எழுதப்படும் ஒரு கட்டுரையால் எந்த அமெரிக்கருடைய வேலையும் போவதில்லை. வெளிநாட்டுக் கிளையன்டுக்காக மட்டும் செய்யும் சுயேச்சைப் பணி வேலைவாய்ப்பு வரையறைக்குள் வராது என்று விதியில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். வரி வழக்கம்போல வசூலாகும். இருக்கிற சலுகையே நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக இல்லாமல் நிர்வாக விதியாகத்தான் நிற்கிறது. 2017க்குப் பின் அதை ரத்து செய்யும் முன்மொழிவு சில ஆண்டுகள் அரசின் நிகழ்ச்சிநிரலில் இருந்தது. 2021 ஜனவரியில்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது.